வெளக்கும் வௌக்கும்

கண்பார்வை இல்லாத இளைஞர் ஒருவர் முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் படித்தவர். இப்பொழுது அவர் கணினியை வாசிக்கச் செய்து, தம் செவியால் நூல்களைக் கற்று வருகிறார். சில மாதங்களுக்கு முன்பு அட்டாளைச்சேனையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தவர், அமர்ந்ததும் அமராததுமாக ஒரு கேள்வியைப் போட்டார்: "சேர், வவுங்கல்ல எண்டா என்ன? எனக்கு வெளங்கல்ல."

கேட்டபின் அவரே சிரித்துவிட்டார். அவர் கேட்டதற்கு விடை அவருடைய இரண்டாவது வாக்கியத்திலேயே இருந்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அவர் எழுந்து போனபின் அந்தச் சிரிப்பு என்னிடம் நிற்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது மறைந்த என் நண்பர் ஒருவருடைய சிறுகதைத் தொகுதி. நண்பர் கையால் எழுதிய படிகள் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனவற்றோடு போயின. கொழும்பிலிருந்த உறவினர் ஒருவரிடம் 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சாகியிருந்த கோப்பு ஒன்றே எஞ்சியது. அதனை இக்காலக் கணினிகளும் கைப்பேசிகளும் படிக்கத்தக்க ஒருங்குறிக்கு மாற்றவேண்டும் என்றெண்ணி, இரண்டு மாணவரிடம் பணியை ஒப்படைத்தேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிப் பொறி ஒன்றில் அவர்கள் கோப்பை இட்டார்கள். கண்ணிமைக்கும் பொழுதில் மாற்றம் முடிந்தது. பின்னர் எழுத்துப்பிழை திருத்தும் பொறி ஒன்றிலும் இட்டார்கள். எல்லாம் செவ்வனே நடந்தது என்று நானே பாராட்டினேன். ஆகவே இங்கே நான் சொல்லும் குறையில் என் பங்கும் உண்டு.

அத்தொகுதியில் ஒரு கதை. மகனைத் தேடிப் போன மூதாட்டி ஒருத்திக்கு, அவள் அறியாத மொழியில் ஒரு கடதாசி வாசிக்கப்படுகிறது. அவள் கதை முழுவதிலும் பேசுவது ஒரே சொல். "வெளங்கல்ல." மும்முறை சொல்கிறாள். மூன்றாம் முறை சொல்வதோடு கதை முடிகிறது. அந்தச் சொல்லைத் தாங்குவதற்காகவே கதையின் மற்றச் சொற்கள் எல்லாம் நிற்கின்றன எனலாம். மாற்றிய கோப்பிலோ முதலிரண்டு இடங்களில் அது 'வௌங்கல்ல' என்றும், இறுதியில் 'வழங்கல்' என்றும் இருந்தது. மகனை இழந்த தாய் 'வழங்கல்' என்று சொல்லிக் கதையை முடிக்கிறாள்!

இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தமிழாசிரியர்களுக்கு இதிற் புரியாதது ஒன்றுமில்லை.

பழைய எழுத்துருக்கள் அச்சுக்கோப்பாளரின் வழியைப் பின்பற்றியவை. அச்சுக்கோப்பாளர் 'வெ' என்பதைக் கோக்கும்போது முதலில் கொம்பை எடுத்து வைப்பார். அதன்பின் வகரத்தை வைப்பார். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே வரிசை. 1991 இல் முதற் பதிப்பு வெளிவந்த ஒருங்குறியோ ஒலியின் வரிசையைப் பின்பற்றுவது: முதலில் வகரம், அதன்பின் எகரக் குறி. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னே வைக்கவேண்டும். இது எளிது. சிக்கல் ஔகாரத்தில் வருகிறது. 'வௌ' என்று கோக்க வேண்டுமானால் கொம்பு, வகரம், அதன்பின் ளகரம் போன்ற குறி ஒன்று வேண்டும். பாமினியில் அந்தக் குறிக்குத் தனியிடம் இல்லை. ளகரத்தையே இட்டு நிரப்பினார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாதாகையால் எவரும் குறை சொல்லவில்லை. ஒருங்குறியோ ஔகாரத்துக்கு ஓர் எண்ணும், ளகரத்துக்கு வேறோர் எண்ணும் வைத்திருக்கிறது. கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால், அது 'வௌ'வா, 'வெள'வா? பொறி இங்கே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நமக்குக் கிடைத்த பொறியைச் செய்தவர், வந்த இடமெல்லாம் ஔகாரமே என்று ஒரே வரியில் தீர்மானித்துவிட்டார்.

இதன் பயனை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். இணையத்திலே இலங்கைத் தமிழ்ச் செய்திகளைப் படிப்போர் 'வௌியீடு', 'வௌிநாடு', 'தௌிவு' என்ற விந்தைச் சொற்களை அடிக்கடி சந்திக்கின்றனர். விசிறிக்குறி எதன்மேலும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். இப்பொறியின் கையில் அகப்பட்டால் நம் கடற்கரைக் கெளிறும் மீனாக இராது. கண்ணுள்ளவர் அதைத் தாமே திருத்திப் படித்துக்கொள்கிறார். தேடும் பொறி அவ்வாறு திருத்திக்கொள்வதில்லை. 'வெளியீடு' என்று தேடுபவருக்கு 'வௌியீடு' கிட்டாது. செவியால் படிப்பவரின் துன்பம் இதனினும் பெரிது.

இத்தனைக்கும் இக்குறையின் பெரும்பகுதியை நீக்க ஓரெழுத்து முன்னோக்கிப் பார்த்தாற் போதும். ளகரத்தின் பின்னே விசிறியோ புள்ளியோ வேறோர் உயிர்க்குறியோ வருமானால், அது மெய்யான ளகரமே, ஔகாரத்தின் வாலன்று. வெளி, தெளிவு, கெளிறு, வெள்ளம், மெள்ள எல்லாம் இந்த ஒரு விதியாற் பிழைத்துவிடும். அகரமேறிய ளகரம் மட்டும் எஞ்சும். ஏட்டுத் தமிழில் அவ்வகைச் சொல் அரிது. கௌரவம், சௌகரியம், வௌவால் என்று ஔகாரமே பெரும்பாலும் வரும். ஆகவே 'எஞ்சியவை எல்லாம் ஔகாரம்' என்று இரண்டாவது விதி செய்யலாம் என்று தோன்றும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்து பாடநூலை மட்டும் பார்த்து நிரல் எழுதுபவருக்கு அது போதும்.

ஆனால் நம்முடைய கதைகளில் மனிதர் பேசுகிறார்கள். விளக்கு 'வெளக்கு' ஆகிறது. மிளகு 'மெளகு' ஆகிறது. விளையாட்டு 'வெளயாட்டு' ஆகிறது. மறுபுறம், மௌலவி, மௌத்து, தௌபா, ஹௌல், ரௌழா என்று அரபுவழிச் சொற்கள் நம் நாவில் இயல்பாகப் புழங்குகின்றன. 'மெளகு' என்பதிலும் 'மௌத்து' என்பதிலும் பாமினிக் கோப்பின் முதல் மூன்று குறிகள் ஒன்றே. ஒன்று ளகரம், மற்றையது ஔகாரம். எழுத்தைப் பார்த்து இதனை அறிய இயலாது. சொல்லை அறியவேண்டும், அது எவருடைய பேச்சு என்பதையும் அறியவேண்டும்.

இதற்குத்தான் தமிழிலக்கணத்தில் 'சார்பு' என்ற சொல் இருக்கிறது. தொல்காப்பியர் மூன்று சார்பெழுத்துச் சொன்னார். பவணந்தியார் பத்துச் சொன்னார். தொகையில் வேறுபட்டாலும் கருத்து ஒன்று: ஓர் எழுத்து எதனைச் சார்ந்து நிற்கிறதோ அதனைப் பொறுத்தே அதன் இயல்பு அமைகிறது. நாடு, பசு இரண்டும் உகரத்தில் முடிகின்றன. 'நாடு எங்கே' என்பது நாடெங்கே ஆகிறது. 'பசு எங்கே' என்பது பசுவெங்கே ஆகிறது. உகரத்தை மட்டும் பார்ப்பவன் இதனைச் செய்ய மாட்டான். முன்னே நிற்பதைப் பார்க்கவேண்டும். நிலைமொழி, வருமொழி என்று நம் பாடசாலைப் பிள்ளைகள் நெட்டுருப் பண்ணுகிற புணரியல் முழுவதும் சார்பறிந்து மாற்றும் விதிகளின் தொகுப்பே. மென்பொருள் எழுதுவோர் இன்று பெரிதாகப் பேசுகிற 'சூழலறிந்த தரவு மாற்றம்' என்பது நம் வகுப்பறையில் புதிய செய்தியன்று. புதிய செய்தி என்னவென்றால், நம் மாணவர்கள் நிரல் எழுத உட்காரும்பொழுது இலக்கணப் புத்தகத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள் என்பதே.

ஏட்டுச்சுவடியை அச்சேற்றியவர்கள் எதிர்ப்பட்ட நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. சுவடியிலே மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவு. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901), உ. வே. சாமிநாதையர் (1855–1942) முதலியோர் ஒவ்வோரெழுத்தையும் பொருளும் யாப்பும் நோக்கியே தீர்மானித்தார்கள். தீர்மானிக்க இயலாத இடத்தில் ஐயர் என்ன செய்தார்? ஒரு பாடத்தை மேலே வைத்தார்; மற்றப் பாடத்தை அடிக்குறிப்பில் வைத்தார். அதற்குப் பாடபேதம் என்று பெயர். தம் ஐயத்தை மறைக்கவில்லை. என் நண்பரின் கோப்பில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது. முதற்பொறி ஐயமில்லாமல் பிழை செய்தது. இரண்டாம் பொறி அந்தப் பிழையை ஐயமில்லாமல் திருத்தி, 'வழங்கல்' என்ற நல்ல தமிழ்ச்சொல்லாக்கிவிட்டது. முதற்பிழை கண்ணுக்குத் தெரியாதது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரிந்தும் பிழையென்று தோன்றாதது. இரண்டும் சேர்ந்தபின் மூலச்சொல்லுக்குத் திரும்பும் வழியே அடைபட்டுப் போயிற்று. கொழும்புக் கோப்பின் ஒரு படியை நான் அழிக்காமல் வைத்திருந்தது என் சோம்பலினால் நேர்ந்த புண்ணியம்.

கதையில் ஒரு சொல் கெட்டால் இலக்கிய அன்பர்கள் வருந்துவார்கள். அவ்வளவுதானே என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்குப் பெயர்களைக் காட்டுகிறேன்.

நம் பிறப்புச் சான்றிதழ்கள் தமிழில் இருக்கின்றன. கடவுச்சீட்டும் பட்டச் சான்றிதழும் ஆங்கில எழுத்தை வேண்டுகின்றன. நபீல், நபீஸா என்ற இரு பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் நடுவே நிற்பது 'பீ'. முதற் பெயரில் அஃது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து. அடுத்ததில் ஆறாம் எழுத்து. ஹபீப், லத்தீப் என்ற பெயர்களின் இறுதிப் பகரமும் அவ்வாறே. பஷீருக்கு ஒன்று, பரீதுக்கு மற்றொன்று. தமிழ்ப் பகரத்துக்கு நேராக ஆங்கிலப் பகரத்தை வைக்கும் அட்டவணை இவை அனைத்தையும் கெடுக்கும். அரபியில் வல்லொலிப் பகரமே இல்லையாகையால், 'அரபுப் பெயரில் பகரம் ஒருபொழுதும் வல்லொலியன்று' என்ற ஒரு விதியாவது பொறிக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை நீங்கும். மறுபாதிக்குப் பெயரகராதி வேண்டும். என் மாணவி ஒருத்தியின் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இவ்வாறு மாறிப்போக, இரு பெயர்களும் தன்னையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொடுக்க அவள் அலைந்த அலைச்சலை நான் அறிவேன். தன் தாய் தகப்பன் இட்ட பெயருக்குத் தானே சத்தியம் செய்யவேண்டிய நிலை!

ழகரத்தின் கதை இன்னும் சுவையானது. ஈழத்து முஸ்லிம்கள் அரபியின் 'ளாத்' என்ற எழுத்தை ழகரத்தால் எழுதும் மரபினர்: ரமழான், காழி, ஈதுல் அழ்ஹா. தமிழ்நாட்டார் ரமலான் என்று எழுதுவர். 'காழி நீதிமன்றம்' என்பதைக் கண்ட பொறி, சீர்காழியின் காழியென்றெண்ணி ஆங்கிலமாக்கினால் அதனை நாம் குறைசொல்ல முடியாது. அதற்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'ரமலான்' என்று தேடுபவருக்கு நம் ஊர்க் கட்டுரைகள் அகப்படாமற் போவதும் இதனாலேயே. தலைப்பெழுத்துகள் வேறொரு வேடிக்கை. எம்., ஆர்., ஏ., ஐ. என்று ஆங்கில எழுத்தின் பெயரைத் தமிழில் எழுதுகிறோம். 'எம் ஊர்' என்பதில் 'எம்' தமிழ்ச்சொல், 'ஆர் வந்தது?' என்பதில் 'ஆர்' நம் பேச்சுச்சொல். பின்னே ஒரு புள்ளி நிற்கிறதா என்று பார்க்கும் பொறுமை பொறிக்கு வேண்டும்.

நம் ஊர்ப்பெயருக்கே இந்தத் தொல்லை உண்டு. சேனைக்காவலுக்குக் கட்டிய பரணை அட்டாளை என்பார்கள். அட்டாளை இருந்த சேனை அட்டாளைச்சேனை. இரட்டை டகரத்தை இலங்கையர் ஆங்கிலத்தில் ஒருவாறும் தமிழ்நாட்டார் வேறொருவாறும் எழுதுவதால், இந்தியாவில் ஆன அட்டவணை நம்மூரை நம் தபாற்கந்தோர் அறியாத ஊராக்கிவிடும்.

பொழுதும் இவ்வாறே. நண்பரின் கதையொன்று 'வெள்ளி இரவு' நடக்கிறது. கதைகளுக்குக் காலக்குறிப்புத் தயாரித்த மாணவர் அதனை வெள்ளிக்கிழமை என்று பதிந்திருந்தார். மஃரிபோடு நாள் தொடங்கும் நம் வழக்கிலே வெள்ளி இரவு என்பது வியாழன் மாலைக்குப் பின் வருவது. அந்த மாணவரும் இவ்வூரவரே. உம்மும்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பட்டியலின் கட்டம் 'கிழமை' என்று கேட்டது. அவர் கட்டத்துக்குப் பதில் சொன்னார்.

முன்னோர் இத்தகைய மாற்றத்தைச் செய்தபொழுது எப்படிச் செய்தார்கள் என்பதை நினைக்கவேண்டும். அரபுத்தமிழ் நம் கண்முன் இருக்கும் சான்று. தமிழை அரபு எழுத்தால் எழுத நேர்ந்தபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அவர்கள் அரபு எழுத்துகளின்மேல் புதிய புள்ளிகளை இட்டுத் தனி வடிவங்கள் ஆக்கினார்கள். இருந்த எழுத்தையே போட்டு நிரப்பிவிடவில்லை. அதே வரியில் அரபுச்சொல் வந்தால் அதனை அரபியின் எழுத்துமுறைப்படியே விட்டுவைத்தார்கள். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது எழுதியவரின் கைக்குத் தெரிந்திருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் சட்டநூல்களையே அம்முறையில் எழுதினார்கள். உமறுப்புலவர் வேறு வழி சென்றார். கதீஜாவைக் 'கதீசா' ஆக்கிச் செய்யுளில் அமர்த்தினார். சித்திலெப்பை 1885 இல் தம் நாவலின் தலைவனை 'அசன்' என்றார். இன்று நாம் ஹசன் என்போம். மூன்று வழிகளும் அறிந்து தெரிந்த வழிகள். இவற்றையெல்லாம் ஒரே எழுத்துமுறைக்கு இழுத்து நேராக்கும் பொறி அறிந்து செய்வது ஒன்றுமில்லை.

இங்கே என் நண்பர் ஒருவர் மறுப்பார், கணிதம் கற்பிப்பவர். "நீங்கள் எல்லாரும் ஒரே விதமாக எழுதினால் பொறிக்கு என்ன தொல்லை? ஆய்தத்தை இட்டு நஃபீஸா என்று எழுதுங்கள், மவ்லவி என்று எழுதி ஔகாரத்தையே விட்டுவிடுங்கள், கதையைச் செந்தமிழில் எழுதுங்கள்" என்பது அவருடைய வாதம். இனிப் பிறக்கும் பிள்ளைகளின் பெயரைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆய்தம் இடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் முன்பே எழுதப்பட்டதை என் செய்வது? உறுதிகளும், பள்ளிவாசற் பதிவுகளும், பாடசாலை இடாப்புகளும் எழுதியவர் எழுதியபடியே இருக்கின்றன. பொறியின் வசதிக்காக மூதாட்டி 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லவேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. செருப்புக்கேற்பக் காலை வெட்டுவது பழைய பழமொழி. அது பகடியாகச் சொல்லப்பட்டதென்றே இதுகாறும் எண்ணியிருந்தேன்.

வேறு சிலர், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, அது தானே கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். கற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. எதிலிருந்து? எழுதிக் கிடப்பவற்றிலிருந்து. இக்கரையோரப் பேச்சுத்தமிழ் கணினியில் எழுதிக் கிடப்பது மிகச் சிறிது; அச்சிறிதிலும் 'வௌி'யும் 'தௌிவு'ம் மலிந்து கிடக்கின்றன. முன்னைய பொறியின் பிழை பின்னைய பொறிக்குப் பாடநூலாகிறது. நாம் சரியான படிகளைப் போதிய அளவில் வைக்காவிடின், நாளைய பொறி நமக்கே நம் சொல்லைத் திருத்திக் கொடுக்கும்.

ஆகவே பொறியை ஒதுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் பக்கத்தைக் கையால் மாற்ற எவருக்கும் ஆயுள் இல்லை. நான் கேட்பது, மாற்றுபவர் மூன்று காரியங்களில் நாணயமாக இருக்கவேண்டும் என்பதே. மூலக்கோப்பைத் தொடாமல் வைக்கவேண்டும். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தார் பழைய ஏடுகளின் பக்கங்களைப் படமாகவே பேணுவதால், அங்கே எவரும் எப்பொழுதும் மூலத்தைத் திறந்து பார்க்கலாம். தனியார் கோப்புகளுக்கு அந்தக் காவல் இல்லை. அடுத்தது, கோப்பு எங்கிருந்து வந்தது, எந்த எழுத்துரு, எந்த ஊர்ப் பேச்சு, கதையா கணக்கா என்ற குறிப்பு அதனோடு கூடவே பயணம் செய்யவேண்டும். சார்பு தெரியாமல் சார்பறிந்து மாற்ற எப்பொறியாலும் ஆகாது. ஐயமான இடத்தில் பொறி தானே முடிவுகட்டாமல் அடையாளமிட்டு நிறுத்தவேண்டும். பாடபேதம் என்ற பழைய பெயரையே அதற்கு வைக்கலாம்.

ஒலுவிலில் 1996 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கணினி கற்பவரும் உளர், தமிழ் கற்பவரும் உளர். நம்மூரில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்விக்கூடங்கள் இருக்கின்றன. இவ்விரு சாராரும் ஒரு மேசையில் அமர்ந்து, இக்கரையோரச் சொற்களுக்கு ஒரு பட்டியல் செய்வது ஆகாத காரியமன்று. என் மாணவர் இருவரும் தொடங்கியிருக்கிறார்கள். ஔகாரச் சொற்கள் ஒரு கொப்பியில். அகரமேறிய ளகரச் சொற்கள் மற்றொரு கொப்பியில். மீன் பெயர்களுக்கு ஒரு முதியவரிடம் போய் வந்தார்கள். அவர் சொற்களைச் சொன்னதோடு, மீனையும் கொடுத்தனுப்பினார்.

கொழும்புக் கோப்பை இப்பொழுது மறுபடி மாற்றியிருக்கிறோம். மூதாட்டி மும்முறையும் 'வெளங்கல்ல' என்றே சொல்கிறாள். கண்ணில்லாத அந்த இளைஞர் கேட்டுவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தொகுதி முழுவதிலும் ஐந்து இடங்கள் மட்டும் அடையாளமிட்டபடி நிற்கின்றன. அவற்றில் நண்பர் எதை எழுதினார் என்பதைக் கோப்பாலும் சொல்ல முடியவில்லை, எங்களாலும் சொல்ல முடியவில்லை. அவருடைய தங்கையார் கோணாவத்தையில் இருக்கிறார். அடுத்த கிழமை போய், அந்தப் பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டிக் கேட்கவேண்டும்.